போத்தலில் குமிழி நிற்காவிட்டால்: நெஞ்சில் அடிபட்ட பிறகு கிழியும் சுவாசக்குழாய்

கேள்வி சுருக்கமாக இதுதான். யாழ்ப்பாணத்தில் கொடிகாமம் பக்கம் வயலில் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வரம்பில் ஏறிக் கவிழ்ந்து, அதன் கைபிடி இருபத்துநாலு வயதுத் தம்பியின் நெஞ்சை அமத்தியிருக்கிறது. விலா எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் கழுத்தும் முகமும் ஊதிவிட்டன. வலப்பக்க நெஞ்சில் ரியூப் போட்டு மூன்று நாளாகிறது, போத்தலில் குமிழி நிற்கவே இல்லை, சுருங்கின சுவாசப்பையும் எழும்பவில்லை. இப்போது வைத்தியர்கள் "சுவாசக்குழாய் கிழிந்திருக்கலாம், நாளைக் காலை உள்ளே கமரா விட்டுப் பார்க்கவேணும், தேவைப்பட்டால் நெஞ்சைத் திறக்கவேணும்" என்கிறார்கள். முறிவே இல்லாத ஆளுக்கு இவ்வளவு தூரம் போகவேணுமா, தானாக ஆறாதா, ஒப்பரேஷன் எப்படி, கொழும்புக்குக் கொண்டுபோவதா, பிறகு பழையபடி மூச்சு விடுவானா என்று அக்கா கேட்கிறார்.

உங்கள் தம்பியை நான் பார்க்கவில்லை, படங்களையும் பார்க்கவில்லை. முடிவு கட்டிலடியில் நிற்கும் வைத்தியர்களுடையது. ஆனால் அவர்கள் ஏன் அப்படி யோசிக்கிறார்கள் என்பதைச் சொல்ல முடியும். யாழ்ப்பாணத்தில் கன காலம் சத்திரசிகிச்சை விடுதிகளில் நின்றவன் நான். மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த ஊர் இது. நாங்களோ நோயாளியின் ஆட்களுக்கு முன்னால் ஆங்கிலத்தில் நாலு சொல் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம். அந்தக் குறையும் எங்களுடையதுதான்.

முதலில் அந்தக் குமிழி. சைக்கிள் ரியூப்பில் ஓட்டை எங்கே என்று பார்க்க, காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமத்துவோம் அல்லவா? அதே வேலையைத்தான் நெஞ்சு ரியூப்பின் போத்தலும் செய்கிறது. நெஞ்சறைக்குள் சேர்ந்த காற்று குழாய் வழியே வந்து தண்ணீருக்குள் குமிழியாக வெளியேறும், திரும்பி உள்ளே போகாது. சுவாசப்பையின் மேற்பரப்பில் சின்னக் கீறல் என்றால் முதல் நாள் நன்றாகக் குமிழி வரும், அடுத்த நாள் இருமும்போது மட்டும் வரும், பிறகு நின்றுவிடும். சுவாசப்பை விரிந்து நெஞ்சுச் சுவரோடு ஒட்டியதும் ஓட்டை தானாக அடைபடும். உங்கள் தம்பிக்கு மூன்றாம் நாளும் ஒவ்வொரு மூச்சுக்கும் பொங்குகிறது என்றால், ஓட்டை பெரிய குழாயில் இருக்கலாம் என்று சந்தேகப்படத்தான் வேண்டும்.

அதற்கு முன் ஒரு சில்லறை விஷயம் பார்க்கவேண்டும்: குழாய் பொருத்து கழன்றிருக்கிறதா, ரியூப்பின் பக்கத்துத் துளையொன்று தோலுக்கு வெளியே வந்துவிட்டதா? இதுவும் அடிக்கடி நடப்பதுதான். அதைத் தாதியும் வைத்தியரும் பார்த்துக்கொள்வார்கள். அது சரியாக இருந்து, இரண்டாவது ரியூப் போட்டும் சுவாசப்பை எழும்பவில்லை என்றால் சந்தேகம் பலக்கிறது. இன்னொரு அடையாளம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. போத்தலை உறிஞ்சு இயந்திரத்தில் பூட்டியதும் நோயாளிக்கு மூச்சு கூடக் கஷ்டப்படும். சுவாசப்பைக்குப் போகவேண்டிய காற்றைக் கிழிசல் வழியே இயந்திரம் இழுத்துக்கொள்வதால் வருவது அது.

கழுத்திலும் முகத்திலும் ஊதியிருப்பதும் காற்றுத்தான். விரலால் அமத்திப் பாருங்கள், பொரிப் பையை அமத்தியதுபோல் தோலுக்கடியில் சரசரவென்று நொறுங்கும். சிலருக்குக் கண் இமை திறக்காது, குரல் மாறிப்போகும், காற்று வயிறு, விதைப்பை வரைக்கும் இறங்கும். பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கும். ஆனால் தோலுக்கடியில் நிற்கும் காற்றால் பெரும்பாலும் பெரிய கெடுதல் இல்லை. ஊற்று மூடினால் சில நாளில் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் கவலை எல்லாம் அந்த ஊற்றைப் பற்றியது.

சரி, விலா முறியாமல் உள்ளே குழாய் மட்டும் எப்படிக் கிழியும்? தொண்டையிலிருந்து நெஞ்சுக்குள் இறங்கும் பெரிய சுவாசக்குழாயை, பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் வாதனாளி என்று படித்திருப்பீர்கள். வளர்ந்தவருக்கு ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் நீளம். 18 முதல் 22 வரை கசியிழைய (குருத்தெலும்பு) வளையங்கள், ஒவ்வொன்றும் லாடம் மாதிரி, பின்பக்கம் திறந்தவை. அந்தத் திறந்த பக்கத்தை மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கும், அதற்குப் பின்னால் சாப்பாடு இறங்கும் களம். நெஞ்சின் நடுவில் வாதனாளி மரக்கொப்பின் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரியும். அந்த இடத்தை வைத்தியர்கள் கரைனா என்பார்கள், நான் கவட்டை என்றே சொல்கிறேன். வலது கிளை குட்டை, இரண்டு இரண்டரை சென்ரிமீற்றர்தான். இடது கிளை அதைப்போல இரண்டு மடங்கு நீளம், பெருநாடியின் வளைவுக்குக் கீழே பதுங்கிப் போகும்.

நெஞ்சை முன்னாலிருந்து பின்னால் அமத்தினால் அது பக்கவாட்டில் அகலும். சுவாசப்பைகள் இரண்டும் விலாச் சுவரோடு சேர்ந்து இரண்டு திசையில் இழுபடும். கவட்டையோ நடுவில் கட்டுண்டு நிற்கிறது. கவட்டைக் கொப்பை இரண்டு கையாலும் பிடித்து விரித்தால் எங்கே பிளக்கும்? அங்கேதான் இங்கும். அப்புறம், விழப்போகிறோம் என்று தெரிந்ததும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். குரல்வளை மூடிய அந்த நேரத்தில் நெஞ்சு நசுங்கினால் உள்ளே அடைபட்ட காற்றின் அமுக்கம் சட்டென்று ஏறி, பின்பக்கச் சவ்வு நீளவாக்கில் பிளக்கும். மூன்றாவது வழி வேகம். ஓடிவந்த மோட்டார் சைக்கிள் லொறியில் மோதி ஒரே நொடியில் நிற்கும்போது சுவாசப்பைகள் ஊஞ்சல் மாதிரி முன்னே போகின்றன, கவட்டை போவதில்லை.

உங்கள் தம்பிக்கு இருபத்துநாலு வயது. அந்த வயதில் விலா மூங்கில் தடி மாதிரி வளையும், அடியைத் தான் வாங்கிக்கொள்ளாமல் உள்ளே அனுப்பிவிடும். சிறுபிள்ளைகளில் இது இன்னும் கூட. எனவே "எலும்பு முறியவில்லை" என்பது ஆறுதலான செய்திதான், ஆனால் குழாய் கிழியவில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இந்தக் காயம் அரிது. பேர்ட்டெல்சன், ஹோவிட்ஸ் என்ற இரண்டு டென்மார்க் வைத்தியர்கள் 1972இல், விபத்தில் இறந்த 1178 பேரின் பிரேத பரிசோதனைகளைப் பார்த்தார்கள். 33 பேருக்கு வாதனாளியோ கிளையோ கிழிந்திருந்தது, அவர்களில் 27 பேர் விபத்து நடந்த இடத்திலேயே முடிந்தவர்கள். அதாவது வைத்தியசாலை வாசலைத் தாண்டி வருகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர் தன் தொழில் வாழ்க்கையில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் காண்பார். அதனால்தான் தவறவிடுகிறோம். வந்து சேர்ந்தவர்களின் பழைய பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, நான்கில் மூன்று பங்கு கிழிசல்கள் கவட்டையிலிருந்து 2 சென்ரிமீற்றருக்குள். வலது கிளைக்குத்தான் கூடப் பங்கு.

கழுத்திலுள்ள வாதனாளி கிழிவது வேறு கதை. ஒழுங்கைக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் மோட்டார் சைக்கிளோடு மாட்டுவது, சால்வை சில்லுக்குள் சுற்றிக் கழுத்தை இறுக்குவது, இவை குரல்வளைக்குக் கீழே உடைக்கும். அதைப் பற்றி இங்கே நீட்டவில்லை.

எக்ஸ்றேக்கு வருவோம். பத்தில் ஒருவருக்கு முதல் எக்ஸ்றேயில் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். தெரிகிறவர்களில் நாங்கள் தேடுவது: சுவாசப்பையைச் சுற்றிக் காற்று, இதயத்தை ஒட்டிக் கறுப்புக் கோடாகக் காற்று, கழுத்தின் ஆழத் தசைகளுக்கிடையில் காற்று, நாக்கடி எலும்பு வழக்கத்தைவிட மேலே ஏறி நிற்பது. இவற்றைவிட அபூர்வமான, ஆனால் கண்டால் மறக்கமுடியாத ஒன்று உண்டு. சாதாரணமாகச் சுருங்கும் சுவாசப்பை நடுவை நோக்கி, தன் காம்பை நோக்கிச் சுருங்கும். கிளை முழுதாக அறுந்தால் பிடிமானம் போய்விடும், சுவாசப்பை கீழே விழுந்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டின் மேல் கிடக்கும். காம்பு கழன்ற காய்போல. "விழுந்த சுவாசப்பை" என்றே அந்த அடையாளத்துக்குப் பெயர்.

சி.ரி. ஸ்கான் இன்னும் நுணுக்கமாகக் காட்டும். குழாய்ச் சுவர் எங்கே தொடர்ச்சி அறுகிறது, இயந்திரத்தால் மூச்சுக் கொடுக்க வாதனாளிக்குள் விட்ட செயற்கைக் குழாயின் பலூன் அளவுக்கு மிஞ்சி உருண்டையாக ஊதிக் கிழிசலுக்குள் பிதுங்கி நிற்கிறதா, களத்தைச் சுற்றியும் காற்றா என்றெல்லாம் பார்ப்போம். களமும் சேர்ந்து கிழிந்திருந்தால் ஆட்டம் வேறு. எச்சிலும் சாப்பாடும் நெஞ்சுக்குள் கசிந்து சீழ் பிடிக்கும், அதை ஒரு நாளும் பிந்த விடக்கூடாது. பெருநாடியில் காயமா என்பதையும் அதே ஸ்கான் சொல்லிவிடும்.

ஆனாலும் கடைசிச் சொல் கமராவினுடையதுதான். பிரொங்கோஸ்கோப்பி என்பார்கள். சின்னவிரலை விட மெல்லிய, வளையும் குழாய், நுனியில் வெளிச்சமும் கமராவும். நல்ல வாதனாளிக்குள் போனால் வெள்ளை வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சுரங்கப் பாதை வளைவுகள் போல் ஓடும், முடிவில் கவட்டை கத்தி விளிம்பு மாதிரிக் கூராக நிற்கும். கிழிந்த இடத்தில் அந்த ஒழுங்கு குலைந்திருக்கும். வளையத்தின் வெள்ளை முனை நீட்டிக்கொண்டு நிற்கும், பக்கத்தில் இரத்தக்கட்டி, சில சமயம் சுவருக்கு அப்பால் இருக்கக்கூடாத ஒரு கறுப்பு வெளி. பார்ப்பவர் அனுபவம் உள்ளவராக இருக்கவேண்டும், ஏனென்றால் இரத்தக்கட்டிக்குக் கீழே கிழிசல் ஒளிந்திருக்கும். ஏற்கெனவே மூச்சுக்குச் செயற்கைக் குழாய் போட்ட நோயாளி என்றால் அந்தக் குழாயே கிழிசலை மறைக்கும். கமரா உள்ளே நிற்க, குழாயை மெல்ல மெல்ல மேலே இழுத்துக்கொண்டு அதன் கீழ் இருந்த சுவரையும் பார்க்காவிட்டால் பரிசோதனை முடிந்ததாகக் கணக்கில்லை. முதல் தரம் ஒன்றும் தெரியாமல், குமிழி மட்டும் நிற்காவிட்டால், திரும்பவும் பார்க்கத்தான் வேண்டும்.

இனி மயக்கமருந்து. சத்திரசிகிச்சை வைத்தியருக்குத்தான் பெயர் வரும், ஆனால் இந்த ஒப்பரேஷனில் பாதி மயக்கமருந்து நிபுணருடையது. சாதாரண நோயாளிக்குச் செய்வதுபோல் தசையைத் தளர்த்தும் ஊசி போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குழாய் விட்டால், குழாய் கிழிசலுக்குள்ளேயே போய்விடலாம். ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும் கிளை முழுதாக அறுந்தும் விடலாம். இயந்திரத்தால் அமுக்கிக் காற்று ஊதினால் அது சுவாசப்பைக்குப் போகாமல் நெஞ்சறைக்குப் போகும். ஆகவே முடிந்தவரை நோயாளி தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க, கமராவின் மேல் குழாயைக் கோத்து, கண்ணால் பார்த்துக்கொண்டு கிழிசலைத் தாண்டி இறக்குவார்கள். வலது கிளை கிழிந்தால் குழாயை இடது கிளைக்குள் இறக்கி, இடது சுவாசப்பை ஒன்றையே வைத்து மூச்சுக் கொடுக்கலாம். நெஞ்சைத் திறந்த பிறகு தேவைப்பட்டால் சத்திரசிகிச்சை வைத்தியரே வெட்டுக்குள்ளால் இன்னொரு சுத்தமான குழாயைக் கிளைக்குள் வைத்துக் கொடுப்பார். தையல் போடும்போது எடுப்பதும், பிறகு வைப்பதுமாக இரண்டு பேரும் பேசிப் பேசிச் செய்யும் வேலை அது.

ஒப்பரேஷன் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். வலது கிளை, கவட்டை, வாதனாளியின் கீழ்ப்பாதி, இடது கிளையின் தொடக்கம், இவை எல்லாவற்றுக்கும் வலப்பக்கத்தால்தான் போவது. இடது பக்கமாகப் போனால் பெருநாடி வழியில் நிற்கும். இடது கிளையின் தூரப் பகுதிக்கு மட்டும் இடது நெஞ்சைத் திறப்போம், வாதனாளியின் மேற்பாதிக்குக் கழுத்தில் மாலை போட்டதுபோல் ஒரு வெட்டுப் போதும். நோயாளியை இடப்பக்கம் சரித்துக் கிடத்தி, தோள்பட்டை எலும்புக்குக் கீழே வளைவாக வெட்டி, நாலாவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளியால் உள்ளே போவோம். குறுக்கே ஒரு நாளம் ஓடும், அதைக் கட்டி அறுத்தால் கவட்டை கைக்கு வரும். மேலே மூடியிருக்கும் சவ்வைப் பிரித்ததும் ஒவ்வொரு மூச்சுக்கும் நுரை பொங்கும், ஓட்டையைத் தேடவே தேவையில்லை.

கிழிந்த விளிம்பு நசுங்கிக் கருகினதாக இருந்தால், நல்ல இரத்தம் வரும் இடம்வரை செதுக்கிவிட வேண்டும். அழுகின துணியில் தையல் நிற்காது. ஆனால் குழாயைச் சுற்றிவரத் தோண்டவும் கூடாது, வாதனாளிக்கு இரத்தம் இரண்டு பக்கவாட்டாலும் சின்னச் சின்ன நாடிகளால் வருகிறது. அவசரத்தில் அவற்றை அறுத்துவிட்டால் இன்று அழகாகத் தைத்தது பத்தாம் நாள் பிரியும். பிறகு இரண்டு முனையையும் நேராகச் சேர்த்து, கரைந்துபோகும் நூலால், 3-0 அல்லது 4-0 அளவு விக்ரில் அல்லது பி.டி.எஸ்., தனித்தனித் தையல்களாகப் போடுவது வழக்கம். முடிச்சு குழாய்க்கு வெளிப்பக்கம் விழவேண்டும். உள்ளே விழுந்தால் அதைச் சுற்றித் தசை வளர்ந்து வழியை அடைக்கும். எல்லா நூலையும் போட்டு வைத்துவிட்டுக் கடைசியில் ஒவ்வொன்றாக முடிவதுதான் எனக்குப் பழகிய முறை. இழுவை எல்லாத் தையலுக்கும் பகிர்ந்து போகும்.

இதற்குப் பிறகு வருவது எனக்குப் பிடித்த கட்டம். நெஞ்சறைக்குள் இளஞ்சூட்டுச் சேலைனை ஊற்றித் தையல் தண்ணீருக்குள் முங்கும்படி செய்வோம். மயக்கமருந்து நிபுணர் மெதுவாகக் காற்று ஊதுவார். எல்லோரும் வாய் பேசாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்போம். ஒரு குமிழி வந்தால் இன்னொரு தையல். வராவிட்டால் சரி. ஆஸ்பத்திரி வீதியில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுகிறவர் செய்யும் அதே வேலைதான். கடைசியாக, விலாக்களுக்கு இடையிலிருக்கும் தசையில் ஒரு பட்டையை இரத்த ஓட்டத்தோடு எடுத்துத் தையலைச் சுற்றிப் போர்த்துவோம். களமும் தைக்கப்பட்டிருந்தால் இந்தப் போர்வை கட்டாயம், இரண்டு தையலும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு இருக்கக்கூடாது.

சுவாசப்பையை வெட்டி எடுப்பார்களா என்ற பயமும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. அது கடைசி வழி. அடிபட்ட உடம்பில் ஒரு பக்கச் சுவாசப்பையை முழுதாக எடுப்பது உயிருக்கு மிக ஆபத்தானது என்பது எல்லோருக்கும் தெரியும், தைக்க வழியிருக்கும்வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

தானாக ஆறாதா? சில கிழிசல் ஆறும். 2 சென்ரிமீற்றருக்குக் குறைவு, விளிம்புகள் ஒட்டி நிற்கின்றன, ரியூப் போட்டதும் சுவாசப்பை முழுதாக எழும்பிவிட்டது, குமிழி நாளுக்கு நாள் குறைகிறது, களத்தில் காயமில்லை, இயந்திரம் இல்லாமல் மூச்சு விடுகிறார். இவ்வளவும் சரி என்றால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும், ஈரப்படுத்திய ஒட்சிசனும், கண் மூடாத கவனிப்பும் போதும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் தம்பிக்குச் சுவாசப்பையும் எழும்பவில்லை, குமிழியும் குறையவில்லை. கமராவில் பெரிய கிழிசல் தெரிந்தால் காத்திருப்பதில் லாபமில்லை.

காத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் கையால் திறந்த ஒன்றைச் சொல்கிறேன். பதினாறு பதினேழு வயதுப் பையன், இளநீர் பிடுங்க ஏறித் தென்னையால் விழுந்தவன். வேறோர் இடத்தில் இடது நெஞ்சுக்கு ரியூப் போட்டார்கள். நாலாம் நாள் குமிழி நின்றுவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இரண்டு மாதத்தில் சைக்கிள் உழக்கினால் இளைக்கத் தொடங்கியது. தொய்வு (ஆஸ்துமா) என்று சொல்லி இழுக்கிற மருந்து கொடுத்தார்கள். தொய்வு இரண்டு பக்கமும் இழுக்கும், இவனுக்கு ஒரு பக்கம்தான் இழுத்தது. அதை ஸ்தெதஸ்கோப் வைத்துக் கேட்ட யாரும் யோசிக்கவில்லை. மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது என்பார்கள், இவன் நிஜமாகவே மரத்தால் விழுந்தவன்.

எங்களிடம் வந்தபோது எக்ஸ்றேயில் இடப்பக்கம் முழுதும் வெள்ளை, இதயம் அந்தப் பக்கம் இழுபட்டு நின்றது. கமரா விட்டால் இடது கிளை கொஞ்சத் தூரம் போய், ஒழுங்கை மதிலில் முட்டுவதுபோல் சிவந்த தசையில் முட்டி நின்றது. கிளை முதல் நாளே முழுதாக அறுந்திருக்கிறது. இரண்டு முனையும் தழும்பால் மூடிக்கொண்டபடியால்தான் குமிழி நின்றது, அதைக் குணம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

இடது நெஞ்சைத் திறந்தோம். சுவாசப்பை ஈரல் நிறத்தில், உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. தழும்பைச் செதுக்கிக் கீழ் முனையைத் திறந்ததும் கஞ்சி மாதிரித் தடித்த வெள்ளைச் சளி வந்தது, சீழ் இல்லை. உறிஞ்சி எடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து, காற்றை மெல்ல ஊதச் சொன்னேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேல் விளிம்பில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு இளஞ்சிவப்பு. அப்புறம் இன்னோர் இடத்தில். பத்து நிமிடத்துக்குள் திட்டுத் திட்டாக விரிந்து நெஞ்சறையின் பாதியை நிரப்பிவிட்டது. மிச்சம் அடுத்த கிழமைகளில் வந்தது.

முழுதாக அறுந்து மூடிக்கொண்டால் கிருமி உள்ளே போக வழியில்லை, சுவாசப்பை சளியில் ஊறிக்கொண்டு தூங்கும். மாதங்கள் கழித்தும் எழுப்பலாம். கிறினிட்ஸ்கி என்பவர் 1927இல் எழுதிய ஒரு விவரத்தில், சிறுவயதில் வலது கிளை அறுந்த ஒரு பெண் 21 வருடம் அப்படியே வாழ்ந்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் வேட்டையில் சுடப்பட்ட ஒரு காட்டுத் தாராவில்கூட ஆறிப்போன பழைய கிழிசலைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். கெட்டது பாதி கிழிவதுதான். வழி ஒடுங்கி நிற்கும், காற்றும் கிருமியும் போகும், சளி வெளியே வராது. காய்ச்சல், நியூமோனியா, திரும்பக் காய்ச்சல். வருடம் போகச் சுவாசப்பை அழுகிவிடும், அப்போது வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியிராது.

கொழும்பா, இங்கேயா என்பதில் உறவினர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணர், இதில் கைபழகிய மயக்கமருந்து நிபுணர், அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டில், மூன்றும் ஒரே நேரத்தில் எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி. அதற்கு உங்கள் வைத்தியர் தொலைபேசியில் பத்து நிமிடத்தில் விடை காண்பார். ஏ9 வீதியால் கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மூச்சு நிலையில்லாத ஆளைச் சொந்தச் செலவில் வான் பிடித்துக் கொண்டுபோவது விசர் வேலை. அனுப்புவதாக முடிவானால் வைத்தியரோ தாதியோ கூடப் போகவேண்டும், போத்தல் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே இருக்கவேண்டும். பயணத்துக்கு வசதி என்று யாராவது குழாயில் கவ்வி போட வந்தால் தடுத்துவிடுங்கள். குமிழி வந்துகொண்டிருக்கும் ரியூப்பை அடைத்தால் காற்று உள்ளே தேங்கி, இதயத்தையே ஒரு பக்கம் தள்ளி, சில நிமிடத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். விமானப் பயணம் அறவே வேண்டாம், உயரே போகப்போக நெஞ்சுக்குள் நிற்கும் காற்று விரியும்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு எவ்வளவு விரைவில் இயந்திரத்திலிருந்து எடுக்கிறோமோ தையலுக்கு அவ்வளவு நல்லது, சிலருக்கு மேசையிலேயே குழாயை எடுத்துவிடுவோம். அடுத்த பெரிய வேலை இருமுவது. நெஞ்சு வெட்டின வலியில் யாரும் இருமமாட்டார்கள், இருமாவிட்டால் சளி தேங்கும். அதனால் வலிக்கு மருந்து கேட்கத் தயங்கவேண்டாம். முதுகில் மெல்லிய குழாய் வைத்துக் கொடுக்கும் வலிமருந்து இதற்கு மிக நல்லது. உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் வந்து தட்டி இருமச் சொல்லும்போது தம்பி திட்டினால் நீங்கள் சிகிச்சையாளரின் பக்கம் நில்லுங்கள். வாதனாளியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சேர்த்திருந்தால், தலை பின்னால் சாயாதபடி முகவாயை நெஞ்சோடு சேர்த்து ஒரு தடித்த நூல் போட்டுவிடுவார்கள். ஒரு கிழமை அளவுக்குக் குனிந்தபடிதான் இருப்பார். பார்க்கப் பாவமாக இருக்கும், அதை யாரும் வெட்டிவிடக்கூடாது.

பத்து நாள் அளவில் ஒருமுறையும், மூன்று மாதத்தில் ஒருமுறையும் கமரா விட்டுப் பார்ப்பது நல்லது. தையல் இடத்தில் தசை வளர்ந்து வழி ஒடுங்கினால் ஆரம்பத்திலேயே விரித்துவிடலாம். குரல் சில மாதம் அடைத்திருக்கக்கூடும், குரல்வளைக்குப் போகும் நரம்பு அந்தப் பக்கத்தால்தான் போகிறது. சிகரெட் பழக்கம் இருந்தால் இந்தச் சாட்டில் விட்டுவிடச் சொல்லுங்கள். வேளைக்குக் கண்டுபிடித்து ஒழுங்காகத் தைத்த இளம் ஆட்கள் பெரும்பாலும் முன்புபோல் மூச்சு விடுகிறார்கள். வயல் வேலைக்கு மூன்று மாதமாவது பொறுக்கவேண்டும்.

இன்றிரவுக்கு ஒன்று. பார்க்க வரும் சொந்தக்காரர் "பாவம், நா வரண்டு கிடக்குது" என்று சோடாவோ இளநீரோ வாயில் ஊற்றப் பார்ப்பார்கள். வாட்டில் அனுமதிக்கும்வரை ஒரு மிடறும் வேண்டாம். வயிறு வெறுமையாக இல்லாவிட்டால் நாளைக் காலை கமராவும் பிந்தும், மயக்கமும் பிந்தும். பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கலாமா என்று தாதியிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.